நெஞ்சுக்குள் பம்ப் வைத்தவர் எவ்வளவு நடக்கலாம்? மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு கேள்வி

வாவிமகன் (கல்லடி)

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி என் தாய்மாமாவைப் பற்றியது. வயது 56. இரண்டு தரம் மாரடைப்பு வந்து, இதயம் பெலமிழந்து, கடைசியில் கட்டிலிலிருந்து கிணற்றடிக்குப் போகவே மூச்சு வாங்கியது. காணி விற்றுக் கடனும் பட்டு, சென்னையில் இதயத்தின் இடது பக்கத்துக்குப் பம்ப் பொருத்திக்கொண்டு வந்திருக்கிறார். ஹார்ட்மேட் 3 என்று பெயர். வயிற்றால் ஒரு வயர் வெளியே வந்து, இடுப்பில் இருக்கும் கொன்ட்ரோலருக்கும் இரண்டு பெட்டரிகளுக்கும் போகிறது.

ஆள் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், முகத்தில் தெளிவு வந்துவிட்டது. பிரச்சினை வீட்டுக்குள்தான். மாமி அவரைப் படலை தாண்ட விடுவதில்லை. "மெஷின் உள்ளுக்குள்ள ஓடுது, நீங்களும் ஏன் ஓடணும்?" என்பது அவரது வாதம். மாமாவோ நேர்மாறு. படுவான்கரை வயலுக்குப் போகவேண்டுமாம். அடுத்த வருடம் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டு வழியால் நடக்கவேண்டுமாம். நேர்த்தி வைத்துவிட்டாராம்.

சென்னையில் தந்த தாளில் "தினமும் நடக்கவும்" என்று மட்டும் இருக்கிறது. எவ்வளவு, எப்படி என்று இல்லை. இங்கே கிளினிக்கில் அன்பாகப் பார்க்கிறார்கள், ஆனால் பம்ப் வைத்த ஆளை அவர்கள் முதல்முறை பார்க்கிறார்கள். நாடி பிடித்தால் தெரிவதில்லை. நான் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் இதயத்துடிப்பு என்று ஏதோ வாய்க்கு வந்ததைக் காட்டுகிறது. கொன்ட்ரோலரில் ஓட்டம் 4.6 லீற்றர் என்று நிற்கிறது. நடந்துவிட்டு வந்து கதிரையில் இருந்து பார்த்தாலும் அதே 4.6. "நான் நடந்தது மெஷினுக்கே தெரியல்லயேடா" என்று மனுஷன் கவலைப்படுகிறார்.

யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

படுவான்கரைப் பொடியன்

அண்ணன், மாமா நலமாயிருக்க அம்மன் துணை. எனக்கு மருத்துவம் தெரியாது, ஒரு சின்னச் சந்தேகம். வயலுக்குத் தண்ணி இறைக்கிற மெஷினில் கூடுதல் தண்ணி வேண்டுமென்றால் அக்சிலேட்டரைக் கூட்டுவோம். அதுபோல நடக்கும்போது பம்பின் வேகத்தைக் கூட்டிவிட்டால் முடிந்ததுதானே?

தாண்டவன்வெளி அக்கா (இப்போது லண்டன்)

வாவிமகன் தம்பி, நான் பிசியோதெரபிஸ்ட். இங்கே இதயப் பம்ப் வைத்தவர்களை நடக்க வைப்பதுதான் என் வேலை. சொல்ல நிறைய இருக்கிறது, முதலில் பொடியனின் கேள்வியை எடுக்கிறேன், ஏனென்றால் பாதி விடை அதற்குள்ளேயே கிடக்கிறது.

தம்பி, கோடையில் குழியில் தண்ணி குறைந்துபோன நேரம் மெஷினை முறுக்கினால் என்ன நடக்கும்? தண்ணி கூடாது, ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். இங்கும் அதேதான். பம்ப் இதயத்தின் இடது கீழறையிலிருந்து இரத்தத்தை எடுத்துப் பெருநாடிக்குத் தள்ளுகிறது. அந்த அறைக்குள் வந்து சேரும் இரத்தத்தைத்தான் அதனால் தள்ள முடியும். அதற்கு இரத்தத்தைக் கொண்டுவந்து கொடுப்பது வலது பக்க இதயம், நுரையீரல் வழியாக. வலது பக்கத்துக்குப் பம்ப் இல்லை, அது மாமாவின் சொந்த இதயம். அது கொடுக்காததை வேகத்தைக் கூட்டி எடுக்கப்போனால் அறையின் சுவர் பம்பின் வாயில் ஒட்டும், ஓட்டம் விழும், சில வேளை துடிப்பே தாறுமாறாகும். அதனால் வேகத்தை டொக்டர்மார் எக்கோ (இதயத்தின் ஸ்கான்) பார்த்து ஒரு அளவில் பூட்டிவிடுவார்கள். ஹார்ட்மேட் 3 என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5000, 6000 சுற்றுக்குள். நோயாளி அதைத் தொட முடியாது, தொடவும் கூடாது.

உடற்பயிற்சியின்போது வேகத்தைக் கூட்டிப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. கிடைத்த இலாபம் எதிர்பார்த்ததைவிடச் சின்னது.

இனி அந்த 4.6. மாமா நடக்கும்போது கால் தசைகள் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்பும், இதயத்துக்கு வரும் அளவு கூடும். அறைக்குள் அழுத்தம் ஏறும். பம்புக்கு முன்னும் பின்னுமுள்ள அழுத்த வித்தியாசம் குறையும். அதே வேகத்திலேயே ஓட்டம் கொஞ்சம் கூடும். ஆனால் உட்கார்ந்து மூச்சு விட்ட பிறகு பார்த்தால் அது பழைய இடத்துக்கே வந்துவிடும். நடந்துகொண்டிருக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். இன்னொன்று: அது அளந்த எண் இல்லை, மோட்டார் இழுக்கும் மின்சாரத்தையும் வேகத்தையும் வைத்து மெஷின் போடும் கணக்கு. அதை நம்பிப் பயிற்சியின் அளவைத் தீர்மானிக்க வேண்டாம்.

ஆரையம்பதி ஐயா

பிள்ளைகளே, நான் பழைய ஆள். எங்கள் காலத்தில் இதயம் பெலவீனம் என்றால் டொக்டர் சொன்ன முதல் மருந்து படுக்கை. என் அண்ணன் கட்டிலை விட்டு இறங்காமலே இரண்டு வருடம் இருந்தார். மாமி சொல்வதில் நியாயம் இல்லையா? இவ்வளவு காசு போட்டு வைத்த சாமானை ஏன் சோதிக்கவேண்டும்?

ஏறாவூர் டொக்டர் தம்பி

ஐயா, ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள், உண்மை. இப்போது இதயம் பெலவீனமானவர்களையும் நடக்கச் சொல்வதுதான் வழக்கம். பம்ப் வைத்தவர்களுக்கு அது இன்னும் முக்கியம்.

நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் டொக்டர்தான், பம்ப் வைத்தவர்களைக் கையால் பார்த்ததில்லை. ஆனால் படித்ததை வைத்துச் சில எண்கள் சொல்கிறேன். ஓடும்போது உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஒட்சிசன் எடுக்கிறது என்று முகமூடி போட்டு அளப்பார்கள். மாமாவின் வயதில் சுகதேகியான ஆணுக்கு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் கிட்ட வரும். இதய மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு ஆளைத் தெரிவு செய்யும்போது 14, பீற்றா புளொக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுப்பவருக்கு 12 என்ற கோட்டைப் பார்ப்பார்கள். அதற்குக் கீழே என்றால் நிலைமை மோசம். பம்ப் வைத்துப் பல மாதம் ஆனவர்களுக்கு வருவது எவ்வளவு தெரியுமா? பெரும்பாலும் 15ஐச் சுற்றித்தான். சுகதேகியின் பாதி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாமா "பம்ப் வைத்தாச்சு, இனி நான் பழைய ஆள்" என்று நினைத்துவிடக் கூடாது. உயிரைக் காப்பதில் இந்தக் கருவி பெரிய சாதனை. 2001இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் பம்ப் வைத்தவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் 52 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 25. மாமாவுக்கு வைத்த ஹார்ட்மேட் 3இல் ஐந்து வருடம் தாண்டுபவர்களே 58 சதவீதம் என்று 2022இல் வந்தது. ஆனால் ஓடியாடும் சக்தி அதே வேகத்தில் ஏறவில்லை. சுகதேகியின் இதயம் ஓய்வில் 5 லீற்றர் தள்ளி, ஓடும்போது 20 வரை போகும். பம்ப் 10 லீற்றர் வரை தள்ளக்கூடியது என்று சொல்வார்கள், நடைமுறையில் அந்த அளவுக்கு இரத்தம் வந்து சேருவதில்லை.

தாண்டவன்வெளி அக்கா (இப்போது லண்டன்)

டொக்டர் தம்பி சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்த ஒட்சிசன் கணக்கை வாசிக்கிற மாமி "பாதிதானே, அப்போ எதற்கு நடை?" என்று கேட்பார். அதனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்.

யாரும் நாள் முழுவதும் உச்சத்தில் வாழ்வதில்லை. கிணற்றடிக்குப் போவது, குளிப்பது, சந்தைக்குப் போவது எல்லாம் உச்சத்துக்கு மிகக் கீழே நடக்கும் வேலைகள். அவற்றைப் பார்க்க இன்னொரு சோதனை உண்டு: 6 நிமிடத்தில் தட்டையான தரையில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பது. பம்ப் வைக்குமுன் 200 மீற்றரே சிரமப்பட்டவர்கள், வைத்துச் சில மாதங்களில் 300, 350 என்று போவதை நான் சாதாரணமாகப் பார்க்கிறேன். கல்லடிப் பழைய பாலம் 300 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதாவது பாலத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்கியவர், அக்கரைக்குப் போய்த் திரும்பத் தொடங்கிவிடுகிறார். ஒட்சிசன் எண்ணில் இது சின்ன மாற்றம். வாழ்க்கையில் சின்னதா?

2014இல் அமெரிக்காவில் 26 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு 6 வாரம், 18 தடவை மேற்பார்வையில் பயிற்சி, மற்றவர்களுக்கு வழக்கமான நடை. பயிற்சி செய்தவர்களின் கால் பலம், ட்ரெட்மில்லில் நிற்கும் நேரம், தங்கள் வாழ்க்கையைப் பற்றிய திருப்தி எல்லாம் கூடின. சின்ன ஆய்வுதான். ஆனால் கால் பலம் என்ற இடத்தில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காக இதயம் பெலவீனமாக இருந்தவரின் தொடைத் தசை கரைந்து போயிருக்கும். மீதமுள்ளதும் ஒட்சிசனைச் சரியாகப் பயன்படுத்தாது. பம்ப் வைத்த அன்றே இரத்த ஓட்டம் சரியாகலாம், தசை அன்றே வளராது. "களைக்குது" என்று மாமா சொல்வதில் பாதி நெஞ்சுக் களைப்பு இல்லை, கால் களைப்பு.

கல்முனைக்காரன் (ஸ்காபரோ)

அக்கா சொன்ன கடைசி வரிக்கு நான் சாட்சி. எனக்கும் ஹார்ட்மேட் 3தான். தட்டையான நிலத்தில் மோலுக்குள் எவ்வளவு நேரமும் நடப்பேன், கதைத்துக்கொண்டே. இரண்டாம் மாடிக்குப் படியேறச் சொன்னால் பாதியில் தொடை இரண்டும் எரியும். மூச்சு இருக்கும், கால் இருக்காது. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருக்கும் பயிற்சியை எங்கள் பிசியோ பிள்ளை தந்தார். பார்த்தால் சின்னப்பிள்ளை விளையாட்டு. செய்து பாருங்கள், பத்தாவது தரம் தெரியும்.

வாவிமகன், மாமாவிடம் சொல்லுங்கள்: கொன்ட்ரோலரை அடிக்கடி பார்ப்பதை முதலில் நிறுத்தவும். நானும் ஆரம்பத்தில் பஸ் நேர அட்டவணை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தாதி வந்து, "அலாரம் அடித்தால் அது உன்னைக் கூப்பிடும், நீ அதைக் கூப்பிடத் தேவையில்லை" என்றார்.

பெட்டரியின் பாரமும் ஒரு விஷயம். இரண்டு பெட்டரியும் கொன்ட்ரோலருமாக ஒரு கிலோவுக்கு மேல். ஒரு பக்கத் தோளில் தொங்கவிட்டால் நாள் முடிவில் முதுகு பேசும். இரண்டு தோளிலும் பிரித்துப் போடும் அங்கி கிடைக்கிறது, அது நல்லது.

வாவிமகன் (கல்லடி)

எல்லாருக்கும் நன்றி. அண்ணன், அங்கி சென்னையில் தந்தார்கள், மாமா போடமாட்டேன் என்கிறார். வீட்டில் எப்போதும் சாரம்தான். சாரத்தைக் கட்டினால் முடிச்சு நேரே வயர் வெளியே வருகிற இடத்துக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது. நடக்கும்போது உரசுகிறது என்று அடிக்கடி அவிழ்த்துக் கட்டுகிறார். இதற்கு என்ன செய்வது?

நாடி தெரியாது, கடிகாரமும் சரியில்லை என்றால், நடக்கும்போது எந்த அளவில் நிறுத்துவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தாண்டவன்வெளி அக்கா (இப்போது லண்டன்)

சாரம் பெரிய விஷயம் தம்பி, சிரிக்காதீர்கள். அந்த வயர் வெளியே வரும் ஓட்டைதான் கிருமி உள்ளே போகும் வாசல். இழுபட்டால், உரசினால், ஈரமானால் அங்கே தொற்று வரும். வந்தால் அது நடை எல்லாவற்றையும் மாதக்கணக்கில் நிறுத்திப்போடும். வயர் அசையாமல் பிடித்திருக்கும் ஒட்டுப்பட்டி ஒன்று தந்திருப்பார்கள். அதை ஓட்டைக்குச் சற்றுத் தள்ளி வயிற்றில் ஒட்டி, வயருக்கு ஒரு சின்ன வளையம் விட்டால், தவறுதலாக இழுபட்டாலும் இழுவை ஓட்டைக்குப் போகாது. முடிச்சை எதிர்ப் பக்கம் போடச் சொல்லுங்கள். நடக்கப் போகும்போது மட்டுமாவது கயிறு வைத்த தளர்வான காற்சட்டை. "லண்டனில் ஒரு பொம்பிள சாரத்தைப் பற்றிக் கதைக்கிறாள்" என்று திட்டுவார், பரவாயில்லை.

நாடி விஷயம். இந்தப் பம்ப் இரத்தத்தைத் துடிப்பாகத் தள்ளுவதில்லை, தொடர்ந்து தள்ளுகிறது. இரண்டு செக்கனுக்கு ஒருமுறை தானே வேகத்தை மாற்றிக்கொள்ளும், ஆனால் அது கையில் நாடியாகத் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் சாதாரண பிரஷர் மெஷின் பல நேரம் பிழை என்று காட்டும். இரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கும் டொப்ளர் கருவியை வைத்து அளப்போம். சராசரி அழுத்தம் 70க்கும் 90க்கும் இடையில் நிற்பதை விரும்புவோம். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியையும் முழுதாக நம்பமுடியாது.

ஆகவே அளவுகோல் மாமாவேதான். போர்க் என்ற சுவீடன்காரர் போட்ட அளவு ஒன்று உண்டு, 6இல் தொடங்கி 20இல் முடியும். சும்மா இருப்பது 6, உயிர் போகிற உழைப்பு 20. பம்ப் வைத்தவர்களை 11க்கும் 13க்கும் இடையில் நடக்கவிடுவோம். "இலேசு" என்பதற்கும் "கொஞ்சம் கஷ்டம்தான்" என்பதற்கும் நடுவில். எண் வேண்டாமென்றால் இப்படி: பக்கத்தில் நடக்கும் உங்களோடு ஒரு முழு வசனம் பேச முடியவேண்டும். வசனம் இரண்டு துண்டாக உடைந்தால் மெதுவாக்கவும். பாட்டுப் பாட முடிந்தால் கொஞ்சம் எட்டி நடக்கலாம்.

தலைசுற்று, நெஞ்சு நோ, கண் இருட்டல், அலாரம், புதிதாக இரத்தக் கசிவு, உடம்பில் வைத்த ஷொக் கருவி அடித்தல் — இதில் எது வந்தாலும் உடனே உட்கார்ந்து சென்னைக்கு அழைக்கவும். நெஞ்சுக்கூட்டு எலும்பு பொருந்தும் வரைக்கும், ஏறத்தாழ மூன்று மாதம், பாரம் தூக்கவோ கையால் இழுக்கவோ வேண்டாம்.

எங்கே நடப்பது? முதல் வாரங்களுக்கு காந்தி பூங்கா. இடையிடையே உட்காரலாம், நிழல் இருக்கிறது. அப்புறம் பழைய பாலம். 2013இல் புதுப் பாலம் திறந்தபிறகு அங்கே பெரிய வாகனத் தொல்லை இல்லை. ஆனால் நடுப் பாலத்தில் களைத்தால் திரும்பவும் அதே தூரம் நடக்கவேண்டும் என்பதை நினைவில் வைத்து, பாதி பெலன் இருக்கும்போதே திரும்பவேண்டும். பத்து நிமிடம் நடந்தால் போதும் என்று தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிப் போகலாம். சென்னைக் குழுவின் சம்மதத்தோடு.

களுவாஞ்சிக்குடி மிஸ்ஸி

நான் தாதி. இரண்டு விஷயம் மட்டும்.

மாமா வோபரின் எடுப்பார், இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளிசை. இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண்ணை 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருப்பார்கள். அந்த இரத்தத்தோடு வயல் வரம்பில் வழுக்கி விழுந்தால் சாதாரண விழுகை இல்லை, தலை அடிபட்டால் சொல்லவே வேண்டாம். மழை பெய்து வரம்பு சேறாகும் காலத்தில் வயல் பார்க்கப் போகவேண்டாம். சைக்கிளும் வீதியில் வேண்டாம், நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிள் பரவாயில்லை. ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லியிருந்தால் பயப்படவேண்டாம். ஹார்ட்மேட் 3 வைத்தவர்களுக்கு ஆஸ்பிரின் இல்லாமலே ஆபத்துக் கூடவில்லை, இரத்தக் கசிவு குறைந்தது என்று 2023இல் ஆய்வு வந்துவிட்டது. நீங்களாக நிறுத்தவேண்டாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, இது முக்கியம். மாமா வழியில் மயங்கி விழுந்து யாரோ ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், நாடி பிடிக்கிற பிள்ளை "நாடி இல்லை" என்றுதான் எழுதும். கழுத்தில் அல்லது சட்டைப்பையில் ஒரு அட்டை எப்போதும் இருக்கவேண்டும், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். "இதயப் பம்ப் உண்டு, நாடி தெரியாது, நெஞ்சில் காது வைத்தால் இரைச்சல் கேட்கும், எம்ஆர்ஐ செய்யக்கூடாது, வயரை வெட்டவேண்டாம்" என்று. அண்டை வீட்டுக்காரருக்கும் காட்டி வையுங்கள். பக்கத்துப் போதனா வைத்தியசாலை அவசரப் பிரிவுக்கு ஒருநாள் ஆளையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஒரு தரம் கண்ணால் கண்டால் அவர்கள் மறக்கமாட்டார்கள்.

அக்கரைப்பற்று நானா

நான் இலக்ரிசன். மருத்துவம் உங்களிடம் விட்டாச்சு, கரண்ட் என்னிடம் விடுங்க. தம்பி, 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனது மறந்திருக்காது. ராவைக்கு மெஷினைச் சுவர்ப் பிளக்கில் போட்டுப் படுக்கிற ஆளுக்கு அந்த மாதிரி நாள் வந்தால்?

பெட்டரி ஒரு சோடி எவ்வளவு நேரம் ஓடும், வீட்டில் எத்தனை சோடி, சார்ஜர் எத்தனை வாட்ஸ் என்று சொல்லுங்க. இன்வெர்ட்டர் வாங்கும்போது சுத்தமான சைன் அலை தருகிறதா என்று கேட்டு வாங்குங்க, மலிவுச் சாமான் நுணுக்கமான சார்ஜரை எரிச்சுப் போடும். எர்த் கம்பியைச் சோதிக்கவேண்டும். பழைய வீட்டில் மூன்று பின் பிளக் இருக்கும், சுவருக்குள் எர்த் இருக்காது, எங்கட ஊரில் நான் தினமும் பார்க்கிறன். கல்லடிக்கு வந்து பார்த்துத் தருகிறன், காசு வேண்டாம், மீன் குழம்பு போதும்.

கல்முனைக்காரன் (ஸ்காபரோ)

நானா, புதுப் பெட்டரி ஒரு சோடி 17 மணித்தியாலம் வரை என்று கம்பனி சொல்கிறது. நான் அந்தக் கணக்கில் வெளியே போவதில்லை. நிறைந்த மாற்றுச் சோடியும் மாற்றுக் கொன்ட்ரோலரும் பையில் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றுதான் கழற்றவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால்... வேண்டாம், அதை எழுதவே மனம் வரவில்லை.

வாவிமகன் (கல்லடி)

நானா, சனிக்கிழமை வாருங்கள், மாமி இப்போதே மீன் சொல்லி வைத்துவிட்டார்.

அப்போ கதிர்காமம்? மாமாவுக்கு வாசித்துக் காட்டியாகவேண்டும்.

தாண்டவன்வெளி அக்கா (இப்போது லண்டன்)

காட்டுவழி வேண்டாம் தம்பி. மாமாவால் நடக்க முடியாது என்று சொல்லவில்லை. ஒரு வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் ஆறுதலாக நடப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் குமண, யால காட்டுக்குள் நாலைந்து நாள், பிளக் எங்கே? பெட்டரி தீர்ந்தால் இதயம் பழைய இதயம்தான். காயம் கட்டும் இடம் எங்கே? மணலும் வியர்வையும் அந்த ஓட்டைக்குப் போகாமல் யார் பார்ப்பது?

எல்லாவற்றையும்விட வெயில். பயணம் போவது ஆனி, ஆடி. கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கும் காலம். வியர்த்து உடம்பில் தண்ணி குறைந்தால் இதயத்துக்கு வரும் இரத்தம் குறையும், பம்புக்கு எடுக்க இருக்காது, சுவர் ஒட்டும். ஓட்டம் 2.5 லீற்றருக்குக் கீழே போனால் சிவப்பு அலாரம். இது காட்டுக்கு மட்டும் இல்லை, கல்லடிக்கும்தான். கச்சான் நாட்களில் காலை ஏழு மணிக்கு முன் நடந்து முடிக்கவேண்டும், அல்லது வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே. வயிற்றோட்டம், காய்ச்சல் வந்த நாளில் நடையே வேண்டாம். தண்ணி எவ்வளவு குடிப்பது, தண்ணி போகிற குளிசையைக் குறைப்பதா என்று வெயில் தொடங்குமுன்பே சென்னையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகுவேன் என்று அடுத்ததாகக் கேட்பார். குளம், வாவி, கடல், தண்ணீர்த் தொட்டி எதிலும் இறங்கக் கூடாது. தலையில் தெளித்துக்கொள்ளலாம்.

ஆரையம்பதி ஐயா

நேர்த்தியைப் பற்றி நான் சொல்கிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. உகந்தை வரை வாகனத்தில் கூட்டிப் போங்கள். மலையடியில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, கோயில் வீதியைக் குளிர்ந்த நேரத்தில் ஆறுதலாகச் சுற்றி வரட்டும். பிறகு கதிர்காமத்துக்கும் வாகனத்திலேயே போகலாம். முருகன் கிலோமீற்றர் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை.

மாமியிடமும் சொல்லுங்கள், நான் என் கட்சியை மாற்றிக்கொண்டேன் என்று.

ஏறாவூர் டொக்டர் தம்பி

ஐயாவின் திட்டத்துக்கு என் ஓட்டும். ஒரு சின்னத் திருத்தம் அக்காவுக்கு: வலது பக்க இதயமும் கால் தசையும் மட்டும் இல்லை, இரத்தச் சோகையும் பார்க்கவேண்டும். வோபரினோடு குடலில் மெல்லக் கசிந்து ஹீமோகுளோபின் இறங்கியிருக்கும், ஆளோ "நடை முன்னேறல்லியே" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பீற்றா புளொக்கரின் அளவும் ஒரு காரணமாகலாம். நடக்கும்போது அவரது சொந்த இதயத்துடிப்பு கூடாமல் நின்றுவிடும். பெருநாடி வால்வு திறந்து சொந்த இதயமும் கொஞ்சம் தள்ளினால்தான் நடை கூடும், அதனால் இது சும்மா விஷயம் இல்லை. முன்னேறிக்கொண்டு வந்தவர் திடீரென்று பின்னுக்குப் போனால் அதைச் சோம்பல் என்று எடுக்கவேண்டாம். கால் வீக்கம், எடை கூடுதல், வயிறு ஊதல் சேர்ந்து வந்தால் வலது பக்கம் களைக்கிறது என்று அர்த்தம், அன்றே சொல்லவேண்டும்.

தாண்டவன்வெளி அக்கா (இப்போது லண்டன்)

திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது டொக்டர். நானே எழுதியிருக்கவேண்டியது.

வாவிமகன், ஒரு கொப்பி வாங்குங்கள். காலையில் எடை, நடந்த நிமிடம், போர்க் எண், அன்றைய வெயில், அலாரம் வந்ததா. வேறொன்றும் வேண்டாம். சென்னைக்காரர் தொலைபேசியில் கேட்கும்போது "நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்லாமல் அதை வாசியுங்கள்.

வாவிமகன் (கல்லடி)

கொப்பி வாங்கியாச்சு அக்கா. சென்னைக்குப் பேசினேன், பத்து நிமிடத்தில் தொடங்கலாம், எலும்பு பொருந்திவிட்டது, வயலுக்கு வாகனத்தில் போய் வரம்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம் என்றார்கள். மாமியும் கூடவே நடப்பதாக ஒப்பந்தம். நேற்று பூங்காவில் மாமா 12 என்றார், மாமி தன் அளவு 15 என்றார். கொப்பியில் இருவருக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

நானா, சார்ஜரின் பின்பக்கத்தைப் படம் எடுத்துத் தனிமடலில் போட்டிருக்கிறேன், வாட்ஸைப் பாருங்கள்.